பாலை மர நிழலும் பேஸ்பால் கணக்கும்: மூன்று சீசன் அனுபவம்

"இந்த வருச எல்லேக் கோப்பைக்கும் உன்ர கொப்பிதானோ மச்சான்?" என்று மாங்குளத்து நண்பன் நேற்றுக் கேட்டான். நக்கல்தான். எல்லே என்பது பேஸ்பால் போல மட்டையால் பந்தை அடித்து ஓடும் எங்கள் நாட்டு ஆட்டம். போன வருடம் சிறந்த களத்தடுப்பாளர் பரிசை, யார் எத்தனை பிடித்தான், எத்தனை விட்டான் என்று நான் குறிக்கும் கொப்பியைப் பார்த்துத்தான் கொடுத்தோம், ஒரு பிடியும் விடாத பொடியனுக்கு. அவன் பாலை மர நிழலை விட்டு அசையவேயில்லை என்பது பிறகுதான் உறைத்தது. நாலு பிடி விட்டவனோ பாதி மைதானத்தைத் தனியாக ஓடிக் காத்தவன்.

இந்தப் பழக்கம் பேஸ்பாலால் வந்தது. அமெரிக்கக் கிழக்குக்கரை இரவு ஆட்டம் இங்கே விடிய 4.30 போலத் தொடங்கும். மூன்று சீசனாகப் போனும் தேத்தண்ணியுமாக இருக்கிறேன். கொப்பிக்கு எடுத்தது அங்குள்ள பழைய களத்தடுப்பு வீதம். கைக்கு வந்த வாய்ப்புகளில் எத்தனையைத் தவறில்லாமல் முடித்தான் என்பதுதான் அது. எட்டாத பந்து அதில் கணக்கிலேயே வராது. ஓடிப்போய் விரலில் பட்டு விழுந்தால்தான் வில்லங்கம். அது தவறா இல்லையா என்பதும் ஸ்கோரரின் முடிவு.

நியூயோர்க் யாங்கீஸ் நட்சத்திரம் டெரெக் ஜீட்டருக்கு ஐந்து தங்கக் கையுறை, அதாவது சிறந்த களத்தடுப்பாளர் விருது. களத்தடுப்பால் எத்தனை ஓட்டம் மிச்சம் பிடித்தான் என்று பார்க்கும் டிஆர்எஸ் கணக்கிலோ (கிரிக்கெட் டிஆர்எஸ் இல்லை) அவர் பெரிய மைனஸ். அவரும் பாலை மரத்தடிதானோ என்று நினைத்துச் சிரித்தேன். நியூயோர்க் ரசிகர்கள் மன்னிக்கட்டும்.

ஓஏஏ, அதாவது சராசரி ஆளைவிட எத்தனை அவுட் கூட எடுத்தான் என்ற கணக்கு, வேறு சாதி. 2016 முதல் இருக்கிறது. வெளிக்களத்தில் பந்தை எட்ட எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று கமரா அளக்கிறது. நாலில் ஒன்றுதான் பிடிபடும் வகைப் பந்தைப் பிடித்தால் 0.75 கூடும், விட்டால் 0.25 மட்டுமே குறையும். தூரம் அவன் நின்ற இடத்திலிருந்து அளப்பதால், தப்பான இடத்தில் நிறுத்திய பயிற்சியாளரின் பாவமும் அவன் தலையில் விழாது. இது விளங்கிய அன்று தேத்தண்ணி ஆறியதே தெரியவில்லை.

சரி, எரிச்சலுக்கு வருவோம். ஒரே ஆள், ஒரே வருடம், டிஆர்எஸ்ஸில் பிளஸ், ஓஏஏவில் மைனஸ். ஒன்று ஓட்டத்தில் பேசும், மற்றது அவுட்டில் பேசும். யூஇசட்ஆர் என்ற இன்னொரு களத்தடுப்புக் கணக்கைக் கேட்டால் மூன்று வருடத் தரவாவது வேண்டும் என்பார்கள். மூன்று வருடத்தில் எங்கள் பொடியன் கனடாவுக்கே போய்விடுவான்!

நம்பலாமா என்றால், ஓஏஏவை நம்பலாம், அதைவிட நல்லதை நான் காணவில்லை. இந்த வருடக் கோப்பைக்கு மட்டும் கொப்பி கிடையாது. பாலை மரத்துப் பக்கம் நானே கதிரை போட்டு உட்காரப்போகிறேன்.