சுங்கை சிப்புட்டில் லேசரும் ஃபில்லரும்: என் அனுபவம்

செம்பனைத் தோட்டத்தில் பல ஆண்டுகள் வெயிலில் வெளிவேலை செய்ததால் கன்னத்தில் படிந்த கருந்திட்டுகளுக்கும், மூக்கோரத்திலிருந்து வாய்வரை ஆழ்ந்துவிட்ட கோடுகளுக்கும் தீர்வு தேடி, மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் பட்டணத்தில் உள்ள ஓர் அழகியல் சிகிச்சை நிலையத்திற்குச் சென்றேன். அழகியல் சிகிச்சை செய்ய மருத்துவர்களுக்குச் சுகாதார அமைச்சு வழங்கும் எல்.சி.பி. என்ற தகுதிச் சான்று மருத்துவரிடம் இருப்பதை முதலில் உறுதி செய்துகொண்டேன்.

நம்மைப் போன்ற மாநிறத் தோலில் தவறான லேசர் பட்டால் திட்டு மறைவதற்குப் பதில் மேலும் கறுத்துவிடும் என்பதை மருத்துவர் பொறுமையாக விளக்கி, 1064 நானோமீட்டர் என்.டி. யாக் லேசரைக் குறைந்த அளவில் பல அமர்வுகளாகச் செய்தார். ரப்பர் பட்டையைச் சுண்டிவிட்டதுபோல் சுரீரென்றது; அன்று மாலையே சிவப்பு தணிந்தது.

லேசரின் சிவப்பும் ஊசியின் வீக்கமும் ஒன்றோடொன்று குழம்பக்கூடாது என்பதற்காக, இரண்டு வாரம் கழித்தே அந்தக் கோடுகளில் ஹயலூரானிக் அமில ஃபில்லரை, அதாவது பள்ளத்தை நிரப்பும் கூழ்மத்தை, ஊசியால் செலுத்தினார். தேவைப்பட்டால் ஹயலூரானிடேஸ் ஊசியால் அதைக் கரைக்க முடியும் என்பதும், ஊசிக்குப் பின் தோல் வெளுத்துக் கடுமையாக வலித்தால் இரத்தக்குழாய் அடைபட்டிருக்கலாம், உடனே வர வேண்டும் என்பதும் சொல்லப்பட்டன. மிகக் குறைவாகவே செலுத்தியதால் முகம் உப்பவில்லை, "நல்லாத் தூங்குனியா அக்கா?" என்றுதான் தங்கை கேட்டாள்.

முழுச் செலவையும் முன்கூட்டியே எழுதித் தராதது பெருங்குறை. தொப்பியும் வெயில்காப்புக் களிம்பும் இல்லாமல் தோட்டத்தில் இறங்குவோருக்கு லேசரை நான் பரிந்துரைக்க மாட்டேன்.