308-இல் குண்டு இறக்கும் ஆழம்: ஒன்பது வருடக் கணக்கு

ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் வேலை பார்த்த ஒன்பது வருடமும் இலக்குச் சுடும் விளையாட்டில் என் தோட்டாக்களை நானே தயாரித்துச் சுட்டேன். 308 வின்செஸ்டர் என்ற ரைஃபிள் தோட்டா வகை, 155 கிரெயின் (சுமார் 10 கிராம்) குண்டு, 300 கெஜத்திலிருந்து 1,000 கெஜம் வரை காகித இலக்கு. இப்போது மலேசியாவில் என் ஊரான சுங்கை சிப்புட்டுக்கே திரும்பிவிட்டேன். இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஒரு பக்கம், எங்கள் ஊரின் ஞாபகம் இன்னொரு பக்கம். 1948 ஜூனில் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்ட பிறகுதான் மலாயாவில் அவசரகாலமே வந்தது. துப்பாக்கி என்று வாயெடுத்தாலே பெரியவர்கள் முகம் மாறும். அதனால் துப்பாக்கி, குண்டை இறக்கும் பிரஸ், அதில் மாட்டும் டை எல்லாவற்றையும் அங்கேயே விற்றுவிட்டேன். என்னோடு வந்தவை மூன்று நோட்டுப் புத்தகம், நீளம் அளக்கும் ஒரு காலிப்பர், அதில் மாட்டும் ஒரு கம்பாரேட்டர்.

அக்கா மகன் மெல்பர்னில் ஒரு கிளப்பில் சேர்ந்திருக்கிறான். வாரம் தவறாமல் ஒரே கேள்வி: "மாமா, சீட்டிங் டெப்த் எவ்வளவு வைக்கணும்?" அவனுக்குச் சொல்வதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் விஷயம் என்னவென்று பார்ப்போம். தோட்டா என்பது பவுடர் நிரப்பிய பித்தளைக் கூடும் அதன் வாயில் செருகிய குண்டும் சேர்ந்தது. கூட்டின் கழுத்துக்குள் குண்டை எவ்வளவு தூரம் இறக்குகிறோம் என்பதைப் பொறுத்து (அதுதான் சீட்டிங் டெப்த்), குழலின் உட்புறத்தில் குண்டைச் சுழற்றிவிடும் வரிகள் தொடங்கும் இடத்துக்கும் குண்டுக்கும் உள்ள இடைவெளி மாறும். சுட்டதும் குண்டு அந்த இடைவெளியைத் தாண்டித்தான் வரிகளைப் பிடிக்கிறது. அதுதான் ஜம்ப். இடைவெளியே இல்லாமல் வரிகளில் அழுந்தி உட்கார்ந்தால் ஜாம். இதை அங்கே 'தவ்' கணக்கில் பேசுவார்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தவ். 20 தவ் என்பது ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்.

தோட்டாவின் முழு நீளத்தை அளந்து பயனில்லை என்பது எனக்கு இரண்டாவது மாதம்தான் புரிந்தது. ஒரே பெட்டியிலிருந்து எடுத்த குண்டுகளின் முனைகூட ஒன்றுபோல இருக்காது. 308-க்கு அமெரிக்கத் தரம் சொல்லும் 2.810 அங்குலம் பெருவாரியாகத் தயாரிக்கும் தோட்டாக்களுக்கான உச்ச நீளம், என் குழலின் நீளமல்ல. நாங்கள் ஒவ்வொன்றாகக் கையால் போட்டுச் சுடுபவர்கள், மேகசின் கட்டுப்பாடும் கிடையாது. அளக்க வேண்டியது கூட்டின் அடியிலிருந்து குண்டின் வளைவு வரிகளைத் தொடும் இடம் வரை. கம்பாரேட்டர் அதற்குத்தான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். முதல் மூன்று வருடம் நான் பைத்தியமாகத் திரிந்தேன். மூன்று தவ்வுக்கு ஒரு படியாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் மூன்று தோட்டா சுட்டு, எதில் துளைகள் நெருங்கிச் சின்னக் கூட்டமாக விழுகின்றனவோ அதை வட்டமிடுவேன். நோட்டில் சிவப்பு மையால் '15 தவ்!!' என்று எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் அதே சிவப்பு மையில் '9 தவ்!!'.

நான்காவது வருடம் ஒரு சனிக்கிழமை. 15 தவ்வில் ஒரு பெட்டி, 21 தவ்வில் ஒரு பெட்டி. 100 மீட்டரில் முதல் பெட்டி 9 மில்லிமீட்டருக்குள் விழுந்தது, இரண்டாவது 22. 'ஆறு தவ்வுக்கு இவ்வளவு வித்தியாசமா' என்று பக்கத்தில் நின்றவரிடம் பெருமையாகக் காட்டினேன். வீட்டுக்கு வந்து மிச்சத் தோட்டாக்களை அளந்தால் இரண்டு பெட்டியும் ஒரே நீளம். டையில் ஆழத்தை மாற்றும் மைக்ரோமீட்டரைத் திருப்ப மறந்திருக்கிறேன். ஒரே தோட்டாவைத்தான் இரண்டு பெயரில் சுட்டிருக்கிறேன்! அன்றிரவு பழைய நோட்டைத் திறந்து பார்க்கவே கூச்சமாக இருந்தது. மூன்று தோட்டாவில் எதை வேண்டுமானாலும் நிரூபித்துவிடலாம்.

அப்புறம் முறையை மாற்றினேன். நான்கு ஆழம்: வரிகளைத் தொட்டபடி, 10, 20, 40 தவ் தள்ளி. ஒவ்வொன்றிலும் இருபது, ஐந்தைந்தாக, வேறு வேறு நாளில். தொட்டபடி சுட்டது சற்று விரிந்தது. மற்ற மூன்றையும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதாவது என் துப்பாக்கியில், அந்தக் குண்டுக்கு, 30 தவ் அகலத்தில் ஒரு பெரிய வாசல் திறந்தே கிடந்தது. நான் அதன் நிலைப்படியில் மூன்று வருடம் தவ் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதை அம்மாவிடம் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. இருபத்திரண்டு வருடம் கித்தா (ரப்பர்) மரத்தில் பால் வெட்டியவர். பட்டையில் பால் அதிகம் இருப்பது உள்பக்கம், மரத்தை ஒட்டி. ஆனால் கத்தி மரத்தைத் தொடவும் கூடாது, ஒரு மில்லிமீட்டர் போலப் பட்டை மிஞ்ச வேண்டும். "ரொம்ப உள்ள போனா காயம், அப்புறம் வளர்ற பட்ட முண்டு முண்டா வரும். மேலால சீவினா பால் பிடிக்கிற மங்கு நெறையாது. நடுவுல கை தானா நிக்கும், அத யாரு அளந்தா?" என்றார். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் செய்த வேலை அது.

ஜாம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டாவது வருடம் நான் 10 தவ் அழுத்தி வைத்துச் சுட்டுக்கொண்டிருந்தேன். தோட்டா உள்ளே இருக்கும்போது சுடுவதை நிறுத்தச் சொன்னார்கள். துப்பாக்கியின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைத் திறந்தேன். கூடு மட்டும் வந்தது, குண்டு குழலிலேயே மாட்டிக்கொண்டது. பவுடர் முழுக்க போல்ட் ஓடும் பகுதியான ஆக்‌ஷனுக்குள் கொட்டிவிட்டது. கம்பி விட்டுத் தட்டி எடுத்து, துடைத்து முடிப்பதற்குள் என் முறை போய்விட்டது. அதுகூடப் பரவாயில்லை. குண்டு ஓடித் தொடங்க இடமில்லாமல் வரிகளில் அழுந்தியிருந்தால் அழுத்தம் எகிறும். ஜம்ப் வைத்துத் தயாரித்த தோட்டாவை, பவுடரைக் குறைக்காமல் ஜாமுக்கு மாற்றவே கூடாது. பவுடர் அளவுக்கு அதைத் தயாரித்தவர் வெளியிட்ட அட்டவணையைப் பார், கீழ் அளவிலிருந்து தொடங்கு. மாமாவிடம் கேட்காதே.

எல்லாக் குண்டும் என் 155 போலச் சாதுவல்ல. விஎல்டி வகை, அதாவது காற்றுத் தடையைக் குறைக்க நீண்டு கூர்ந்த மூக்கு வைத்தவை, ஆழத்தை நிஜமாகவே பார்க்கும். ஒரு வருடம் அவற்றைச் சுட்டேன். ஒரு ஆழத்தில் தங்கம், வேறொரு ஆழத்தில் சிதறல், இருபது தோட்டாவிலும் அதே கதைதான். குண்டு தயாரிக்கும் பெர்கர் நிறுவனம் இவற்றுக்கு 40 தவ் இடைவெளியில் நான்கு ஆழங்களை முதலில் முயலச் சொல்கிறது. மூன்று தவ் ஆட்டமெல்லாம் அதற்குப் பிறகுதான். எனக்கு அந்தப் பொறுமை இல்லை, பழைய குண்டுக்கே திரும்பினேன்.

கருவிகளில் மைக்ரோமீட்டர் டை காசுக்குத் தகும். ஆனால் அதன் தண்டு குண்டின் மூக்கில் உட்காரும் இடமும் கம்பாரேட்டர் தொடும் இடமும் வேறு வேறு. அதனால் எண்ணைத் திருப்பி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது, ஒவ்வொரு தோட்டாவையும் அளக்க வேண்டும். கம்பாரேட்டரின் திருகு தளர்ந்து எனக்கு ஒரு மாலை முழுக்க வீணானது. கூட்டை அதிகம் பளபளப்பாகக் கழுவினால் கழுத்து குண்டைக் கவ்விப் பிடிக்கும், இறக்கும் அழுத்தம் ஏறி ஆழமும் இரண்டு மூன்று தவ் அலையும். உள்கழுத்தில் கொஞ்சம் கிராஃபைட் தடவியதும் அது அடங்கியது.

இன்னொரு விஷயம், குழல் தேயும். சூடும் வாயுவும் வரிகளின் தொடக்கத்தைத் தின்றுகொண்டே போகும், ஜம்ப் தானாகக் கூடும். என் முதல் குழலில் 2,600 தோட்டாவில் 38 தவ் நகர்ந்தது. முன்பெல்லாம் அதைத் துரத்திக்கொண்டு குண்டை வெளியே வெளியே இழுத்து வைப்பேன். இரண்டாவது குழலில் 10 தவ்வில் வைத்துப் பூட்டிவிட்டேன். தேய்ந்தாலும் அந்த வாசலுக்குள்தான் போகும். இரண்டு வருடம் டையைத் தொடவில்லை. மிச்சமான நேரத்தில் காற்றைப் படிக்கக் கற்றேன், 1,000 கெஜத்தில் என் புள்ளிகளை உயர்த்தியது அதுதான்.

நோட்டுகளையும் கம்பாரேட்டரையும் தபாலில் அவனுக்கு அனுப்பிவிட்டேன். சிவப்பு மைப் பக்கங்களைக் கிழிக்கவில்லை. காலிப்பரைத் தர மாட்டேன், அண்ணன் பட்டறையில் பிரேக் டிஸ்க் அளக்க அது வேண்டும்.