பிரேடி, மஹோம்ஸ், லமார் ஜாக்ஸன்: எந்தப் பாணி நின்று ஆடும்?

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.லில், அணியின் தாக்குதலை நடத்திப் பந்தை வீசும் குவாட்டர்பேக்குகளை ஒப்பிடும்போது கை வலிமை, துல்லியம், தலைமைப் பண்பு என்றுதான் பேச்சு தொடங்கும். அந்த லீக்கில் முதல் ஆளாக இறங்கும் எவருக்கும் இவை ஓரளவு இருக்கும். அதனால் அதை விட்டுவிடுவோம். ஸ்னாப் ஆன பிறகு, அதாவது ஆட்டம் தொடங்கப் பந்து குவாட்டர்பேக்குக்குப் பின்னால் தரப்பட்ட பிறகு, அது எவ்வளவு நேரம் கையில் இருக்கிறது, அந்த நேரத்தில் அவர் எங்கே நிற்கிறார் என்பதில்தான் பாணிகள் பிரிகின்றன. டாம் பிரேடி, பேட்ரிக் மஹோம்ஸ், லமார் ஜாக்ஸன் மூவரும் இதற்கு மூன்று வெவ்வேறு பதில்கள். பத்தாண்டுக்கு ஓர் அணியைக் கட்டச் சொன்னால் என் தேர்வு பிரேடியின் பாணி. அவர் வென்ற ஏழு சூப்பர் பவுல் இறுதிப் போட்டிகளைவிட, அந்தப் பாணியில் உடம்பு தாங்கிய விதம்தான் எனக்குப் பெரிய காரணம்.

முதலில் லமார். பால்டிமோர் அணி 2019இல் அவரை வைத்துக் கட்டிய ஆட்டத்தின் அடிப்படை ஓர் எளிய கணக்கு. வழக்கமான ஓட்ட ஆட்டத்தில் பந்தைக் கொடுத்ததும் குவாட்டர்பேக்கின் வேலை முடிந்துவிடும். பத்துப் பேர் பதினொரு பேரை எதிர்க்க வேண்டும். லமார் ஆடிய ரீட் ஆப்ஷன் முறையில், எதிரணியின் ஓரத்தில் நிற்கும் டிஃபென்சிவ் எண்டை யாரும் தடுக்காமல் விட்டுவிடுவார்கள். லமார் பந்தை பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்கின் வயிற்றருகே நீட்டியபடி அந்த ஒருவரையே பார்ப்பார். அந்த எண்ட் உள்ளே பாய்ந்தால் லமார் பந்தை உருவிக்கொண்டு தானே வெளியே ஓடுவார். பாயாமல் நின்றால் பந்தைக் கொடுத்துவிடுவார். ஆள் கணக்கு சமமாகிவிடும். முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் எதிரணி லைன்பேக்கர்கள் அரை விநாடி தயங்கினால், அவர்களுக்குப் பின்னால் பந்தைப் பிடிக்க மார்க் ஆண்ட்ரூஸ் காலியாக நிற்பார். அந்தப் பருவத்தில் லமார் 1,206 யார்டு ஓடினார். ஒரே பருவத்தில் எந்தக் குவாட்டர்பேக்கும் அதற்கு முன் அவ்வளவு ஓடியதில்லை.

இதற்கு எதிரணியிடம் மாற்று உண்டு. எண்ட் வேண்டுமென்றே உள்ளே பாய, ஒரு லைன்பேக்கர் அவருக்குப் பின்னால் சுற்றி வெளியே வந்து காத்திருப்பார். லமார் சரியாகத்தான் படித்திருப்பார். ஆனால் வெளியே வேறோர் ஆள் நிற்பார். இதைவிடப் பெரிய சிக்கல் பின்தங்கும்போது வரும். இரண்டு டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்க்கும் ஸ்கோர்) பின்னால் இருக்கும் அணி ஓடி நேரத்தைக் கரைக்க முடியாது என்று எதிரணிக்குத் தெரியும். 2020 ஜனவரியில், 14 வெற்றி, 2 தோல்வி என்று பருவத்தை முடித்திருந்த பால்டிமோர், டென்னஸியிடம் 28-12 என்று தோற்ற ஆட்டத்தில் லமார் 59 முறை வீச வேண்டியிருந்தது. அப்படி வீசியே ஆடுவதற்காகக் கட்டப்பட்ட அணி அல்ல அது.

மஹோம்ஸ் பார்ப்பதற்கு மூவரிலும் சுவையானவர், சந்தேகமே இல்லை. திட்டம் கலைந்த பிறகுதான் அவர் ஆட்டம் தொடங்கும். தடுப்பவர்கள் அமைக்கும் காவல் வளையமான பாக்கெட்டை விட்டு அவர் வெளியேறியதும், பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களுக்குத் தனி விதி: ஆழத்தில் இருப்பவர் திரும்பி வர வேண்டும், அருகில் இருப்பவர் ஆழம் போக வேண்டும், மற்றவர்கள் அவர் ஓடும் திசையிலேயே ஓட வேண்டும். அவருடைய வீச்சுகளைப் பிடிக்கும் டிராவிஸ் கெல்சி எதிரணியின் இரு ஆட்களுக்கு நடுவே ஓர் இடைவெளி பார்த்து நின்றுவிடுவார். கோளாறு எங்கே வருகிறது என்றால், மஹோம்ஸ் பின்னோக்கி நகரும்போது. ஓரத்தில் தடுக்கும் டேக்கிள்கள், குவாட்டர்பேக் ஏழு முதல் ஒன்பது யார்டு ஆழத்தில் நிற்பார் என்று நம்பித்தான் எதிராளியை அகலமாகத் தள்ளிவிடுகிறார்கள். அவர் பன்னிரண்டு யார்டுக்குப் போய்விட்டால், தள்ளப்பட்ட ஆள் நேராக அவர் மீதே வந்து விழுவார். 2021 பிப்ரவரி சூப்பர் பவுலில் மஹோம்ஸின் அணியான கான்சாஸ் சிட்டியின் இரண்டு முதன்மை டேக்கிள்களும் காயத்தால் வெளியே. பிரேடியின் அணியான டாம்பா பே, கடைசிக் காவலர்களான இரண்டு சேஃப்டிகளை ஆழத்தில் நிறுத்திவிட்டு, பெரும்பாலும் நான்கு பேரை மட்டும் அனுப்பி நெருக்கியது. 31-9 என்று டாம்பா பே வென்றது. மஹோம்ஸால் ஒரு டச்டவுன்கூட வீச முடியவில்லை. எதிர்ப்புறம் 43 வயது பிரேடி மூன்று வீசினார்.

பிரேடியின் பாணியில் வேலையில் பாதி ஸ்னாப்புக்கு முன்பே முடிந்துவிடும். ஒரு ரிசீவரைக் குறுக்கே நகர்த்திப் பார்ப்பார். எதிரணியில் ஒருவர் கூடவே ஓடினால் பெரும்பாலும் ஆளுக்கு ஆள் காவல். யாரும் தொடராவிட்டால் பகுதிக் காவல். பிறகு நடு லைன்பேக்கர் யார் என்று கைகாட்டுவார். லைன்மேன்கள் யார் யாரைத் தடுப்பது என்ற கணக்கு அதிலிருந்துதான் தொடங்கும். மீதி வேலை காலடியில். மூன்றடி பின்வாங்கினால் ரிசீவர் ஓடும் பாதை ஐந்தாறு யார்டு ஸ்லாண்ட் அல்லது ஹிட்ச். ஐந்தடி என்றால் பத்து, பன்னிரண்டு யார்டு அவுட் அல்லது கர்ல். பின்கால் தரையில் ஊன்றும்போதே பந்து புறப்பட வேண்டும். முதல் ரிசீவர் அடைபட்டிருந்தால் முன்னோக்கி ஒரு சிறு துள்ளல், அடுத்தவர். இன்னொரு துள்ளல், மூன்றாமவர். கண்ணும் காலும் ஒன்றாக நகர வேண்டும். கால் பின்தங்கினால் பந்து ரிசீவரின் தலைக்கு மேல் போகும். வெஸ் வெல்கர், ஜூலியன் எடெல்மன் போன்ற அவருடைய ரிசீவர்கள் ஓடிக்கொண்டே காவலைப் படித்து, ஆள் தொடர்ந்தால் விலகியும் பகுதிக் காவலானால் நின்றும் விடுவார்கள். பிரேடியும் ரிசீவரும் ஒரே கணத்தில் ஒரே பதிலுக்கு வர வேண்டும். அதற்குப் பல மாதப் பயிற்சி வேண்டும்.

40 யார்டை 5.28 விநாடியில், அவ்வளவு மெதுவாக ஓடிய மனிதர் பிரேடி. ஓரத்திலிருந்து வருபவர்கள் சுற்றி வளைக்கும்போது இரண்டடி முன்னே ஏறி நின்றால் அவர்கள் பின்னால் கடந்து போய்விடுவார்கள். வேகம் தேவைப்படவே இல்லை.

இனி எனக்கு முடிவைத் தீர்மானித்த விஷயம்: அடி. ஓடுகிற குவாட்டர்பேக்குக்குத்தான் காயம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். லமாரின் இரண்டு பெரிய காயங்களைப் பாருங்கள். 2021 டிசம்பரில் கணுக்கால், பாக்கெட்டுக்கு வெளியே வந்து பந்தை விட்ட நொடியில். 2022 டிசம்பரில் முழங்கால், சாக் செய்யப்பட்டபோது, அதாவது வீசும் முன்பே வீழ்த்தப்பட்டபோது. இரண்டும் திட்டமிட்ட ஓட்டத்தில் வந்தவை அல்ல. திட்டமிட்டு ஓடும்போது எதிராளி கண்முன்னே வருகிறார். கால் நீட்டிச் சறுக்கலாம், கோட்டுக்கு வெளியே போகலாம். வீச நினைத்துக் காத்திருக்கும்போது கண் தூரத்தில் இருக்கும், அடி பார்க்காத பக்கத்திலிருந்து வரும். ஆகவே ஆளை உடைப்பது ஓட்டத்தைவிட, பந்தைக் கையில் வைத்திருக்கும் நேரம்தான். விதியும் இதையே கூட்டுகிறது: பாக்கெட்டுக்குள் நின்று வீசுபவரின் முழங்காலுக்குக் கீழே மோதினால் 15 யார்டு தண்டனை, வெளியே ஓடி வந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் போய்விடும்.

2022இல், 45 வயதில், பிரேடி 733 முறை வீசினார். சாக் ஆனது 22 முறை. 2001இல் இடம் பிடித்ததிலிருந்து காயத்தால் அவர் ஆடாமல் போனது 2008 பருவத்தில் மட்டுமே. அந்த ஆண்டு முதல் ஆட்டத்திலேயே பாக்கெட்டுக்குள் முழங்கால் போனது. ஆக இந்தப் பாணி கவசம் என்று சொல்ல முடியாது. அடிபடும் தடவைகளைக் குறைக்கிறது, அவ்வளவே. ஓடியும் ஆடிய குவாட்டர்பேக்கான கேம் நியூட்டன் 2015இல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். தோள் அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு பழைய வீச்சு திரும்பாமல் 32 வயதில் அவருடைய கடைசி ஆட்டம் முடிந்தது. லமார், மஹோம்ஸ் இருவரும் 1990களின் நடுவில் பிறந்தவர்கள். அவர்கள் பாணி நாற்பதில் எப்படி இருக்கும் என்று இப்போதே தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. 2024இல் லமார் 41 டச்டவுன் வீசி 4 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட வீச்சு) மட்டுமே கொடுத்தார். அந்தப் பருவத்தில் அவர் வீச்சில் நன்றாகத் தேறியிருந்தார்.

ஒரே ஓர் இடத்தில் என் தேர்வை மாற்றிக்கொள்வேன். பிரேடி பாணிக்கு உயிர்நாடி, தடுப்பு வரிசையின் நடுவில் நிற்கும் சென்டரும் அவருக்கு இருபுறமும் நிற்கும் இரண்டு கார்டுகளும். முன்னே ஏறி நிற்க இடம் விடுவது அவர்கள்தான். 2008 பிப்ரவரி சூப்பர் பவுலில் நியூயார்க் ஜயன்ட்ஸ் ஓர ஆட்டக்காரரான ஜஸ்டின் டக்கை நடுவில் நிறுத்தி நேராக நெருக்கியபோது, அதுவரை 18 ஆட்டங்களிலும் வென்றிருந்த, பிரேடியின் அப்போதைய அணியான நியூ இங்கிலாந்து ஐந்து சாக் வாங்கி 17-14 என்று தோற்றது. நடுவில் மூன்று நல்ல லைன்மேன்கள் இல்லாத அணி என்றால் லமாரைப் போன்ற ஒருவரையே எடுங்கள். டேக்கிள்களுக்குச் செலவழிக்கும் முன் கார்டுகளைத் தேடுங்கள்.