கல்லடியில் ஓர் உடற்பயிற்சி நிலையம்: முதுகை முன்வைத்து ஒரு மதிப்பீடு

மட்டக்களப்பில் கல்லடிப் பாலம் தாண்டிக் கடற்கரைக்குச் செல்லும் ஒழுங்கையொன்றில் உள்ள இந்த உடற்பயிற்சி நிலையத்துக்கு நான்கு மாதங்களாகப் போய்வருகிறேன். நாள் முழுவதும் கதிரையில் இருந்து வேலை செய்பவன் என்பதால் முதுகைப் பலப்படுத்துவதே எனது நோக்கம். எனவே ஒரேயொரு பயிற்சியை வைத்தே இந்த இடத்தை அளக்கிறேன்.

அது பென்ட்லே ரோ. அமெரிக்கப் பளுதூக்கல் பயிற்றுவிப்பாளர் கிளென் பென்ட்லேயின் பெயரால் வழங்கும் இப்பயிற்சியில், உடலைத் தரைக்கு ஏறக்குறையச் சமாந்தரமாகக் குனிந்து வைத்துக்கொண்டு, தரையில் அசைவற்றுக் கிடக்கும் பாரை (இரு முனைகளிலும் எடைத் தட்டுகள் மாட்டிய இரும்புத் தண்டை) நெஞ்சின் கீழ்ப்பகுதியைத் தொடும்வரை வேகமாக இழுத்து, மறுபடியும் தரையிலேயே வைத்துவிட வேண்டும். ஒவ்வொரு தடவையும் பார் முற்றாக ஓய்ந்த பின்னரே அடுத்த இழுவை தொடங்குவதால், இடுப்பை ஆட்டிச் செய்யும் கள்ளத்துக்கு இதில் இடமில்லை. பாரைத் தரையில் வைக்காமலே இழுக்கும் வழக்கமான ரோவில் 60 கிலோவை இழுத்துத் திரிந்த நான், இங்கே 40 கிலோவுக்கு இறங்க நேர்ந்தது. வெட்கம்தான், ஆனால் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே இருக்கும் தசைகள் வேலை செய்வதை அன்றுதான் உணர்ந்தேன்.

குறை தட்டுகளில் இருக்கிறது. ஒலிம்பிக் அளவுத் தட்டின் விட்டம் 450 மில்லிமீற்றர் என்பதால் பார் தரையிலிருந்து சுமார் 22 சென்ரிமீற்றர் உயரத்தில் நிற்கும். இங்கிருக்கும் 10 கிலோ இரும்புத் தட்டுகளோ சாப்பாட்டுக் கோப்பையளவுதான். அவற்றை மாட்டினால் பார் கணுக்காலுக்குப் பக்கத்தில் கிடக்க, அதை எட்டிப் பிடிப்பதற்குள் முதுகு வளைந்து நாரி பிடித்துக்கொள்கிறது. இதைக் கண்ட பயிற்றுவிப்பாளர் பனங்கட்டைகள் இரண்டை ஒரே உயரத்துக்கு அறுத்து, பார் உருண்டு ஓடாதபடி ஓரங்களில் சட்டமும் அடித்துத் தந்தார். கட்டைமேல் தட்டுகள் இருந்தால் முதுகு நேராக நிற்கிறது. இந்த அக்கறைக்காகவே அவரைப் பாராட்டலாம்.

20 கிலோ பார் நேரானது. ஆனால் உப்புக் காற்றில் அதன் சொரசொரப்பில் துரு ஏறி, பயிற்சி முடிந்ததும் உள்ளங்கை செம்மண் பிடித்ததுபோல் ஆகிவிடுகிறது. வாரமொருமுறை எண்ணெய் போட்டுத் துடைத்தாலே போதும். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு கட்டைகள் கிடைப்பது அரிது. யாராவது அவற்றின்மேல் இருந்து தொலைபேசி பார்த்துக்கொண்டிருப்பார்கள். காலை ஆறு மணிக்குப் போவது நல்லது. 10 கிலோ எடையிலும் முழு விட்டமுள்ள இறப்பர்த் தட்டுகள் கிடைக்கின்றன. ஒரு சோடி வாங்கும்படி கேட்டிருக்கிறேன், “அடுத்த மாதம்” என்று மூன்று மாதங்களாகச் சொல்கிறார்கள்.