'இன்றைய உறுதி பிட்சர்' விற்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள்

அமெரிக்காவில் இருந்து டிராஃப்ட்கிங்ஸ், ஃபேன்டூயல் தளங்களில் தினசரி ஃபேன்டஸி பேஸ்பால் (விலை குறிக்கப்பட்ட நிஜ வீரர்களை ஒரு பட்ஜெட்டுக்குள் தேர்ந்து, அன்று அவர்கள் ஆடுவதற்கேற்பப் புள்ளி எடுக்கும் போட்டி) ஆடுபவர்களுக்கு இந்தப் பதிவு. "இன்றைக்கு இந்த ஸ்டார்ட்டிங் பிட்சர், கண்ணை மூடிக்கொண்டு போடலாம்" என்று, அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் பந்துவீச்சாளரைப் பரிந்துரைத்து, மாதச் சந்தாவுக்குச் செய்தி அனுப்பும் ஒரு சேவையில் எங்கள் குழுவில் பலர் பணம் கட்டி ஏமாந்தோம். பெயர் சொல்லவில்லை. இதே பாணியில் வேறு பலரும் விற்கிறார்கள் என்பதால், எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

காலையில் வரும் செய்தியில் மூன்றே விஷயங்கள் இருக்கும்: பிட்சரின் வெற்றி தோல்விக் கணக்கு, அவருடைய ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ஏர்ன்ட் ரன், அதாவது ஃபீல்டிங் பிழையால் வராத ரன், கொடுக்கிறார் என்பது), எதிரணியின் முக்கிய பேட்டர் ஒருவர் அவரிடம் 14 முறை ஆடி 2 ஹிட்தான் அடித்திருக்கிறார் என்பது போன்ற ஒரு துணுக்கு. மூன்றும் இலவசமாகக் கிடைப்பவை. மூன்றை வைத்தும் பிட்சரைத் தேர்வு செய்ய முடியாது.

டிராஃப்ட்கிங்ஸ் புள்ளிக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு இன்னிங்ஸுக்கு 2.25, ஸ்ட்ரைக் அவுட்டுக்கு (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவதற்கு) 2, வெற்றிக்கு 4. ஏர்ன்ட் ரன் ஒன்றுக்கு 2 கழியும்; ஹிட், வாக் (நான்கு தவறான பந்தால் பேட்டர் இலவசமாக முதல் பேஸுக்குப் போவது) ஒவ்வொன்றுக்கும் 0.6 கழியும். ஒருவர் 6 இன்னிங்ஸ் வீசி, 2 ரன், 5 ஹிட், 1 வாக் கொடுத்து, 7 ஸ்ட்ரைக் அவுட்டுடன் ஜெயித்தால் 23.9 புள்ளி. மற்றதெல்லாம் அப்படியே இருந்து ஸ்ட்ரைக் அவுட் மட்டும் 3 என்றால் 15.9. இரண்டு ஆட்டத்திலும் ஈஆர்ஏ 3.00தான்! ஆனால் 8 புள்ளி போய்விட்டது. முதலில் பார்க்க வேண்டியது, சந்தித்த பேட்டர்களில் எத்தனை சதவீதம் பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்கிறார் என்பதை. லீக் சராசரி 22 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. விலை கூடிய பிட்சர் என்றால் 27, 28 வேண்டும். கூடவே அன்றைய எதிரணி இடக்கை, வலக்கை பிட்சர்களிடம் எவ்வளவு ஸ்ட்ரைக் அவுட் ஆகிறது என்பதையும் தனித்தனியாகப் பாருங்கள். அந்த 14 முறைக் கணக்கு பல சீசன்களில் சிதறிக் கிடப்பது, அதில் எதுவும் தெரியாது. வெற்றிக் கணக்கோ பாதிக்கு மேல் சொந்த அணியின் பேட்டிங்கையும் புல்பென்னையும் (பிறகு வரும் மாற்று பிட்சர்களையும்) பொறுத்தது.

அதிக நஷ்டம் வந்தது ஓப்பனரால். விலை குறைவு, பேட்டர்களில் பணத்தைப் போடலாம் என்று ஒருவரைப் பரிந்துரைத்தார்கள். அவர் ஸ்டார்ட்டர் பட்டியலில் இருந்தார், உண்மைதான். ஆனால் ஒரு இன்னிங்ஸ் வீசிவிட்டு இறங்குவதற்காகவே நிறுத்தப்பட்டவர். 2018 மே மாதம் டாம்பா பே ரேஸ் அணி செர்ஜியோ ரோமோவை அடுத்தடுத்த இரு நாட்கள் இப்படி இறக்கியதிலிருந்து இந்த உத்தி பரவிவிட்டது. ஸ்டார்ட்டர் வெற்றி பெற 5 இன்னிங்ஸ் முடித்தாக வேண்டும், ஆகவே ஓப்பனருக்கு அந்த 4 புள்ளி கிடைக்கவே கிடைக்காது. கண்டுபிடிப்பது சுலபம். கடைசி ஐந்தாறு ஆட்டங்களில் எத்தனை பந்து வீசினார் என்று பாருங்கள். 15, 20, 25 என்று இருந்தால் விட்டுவிடுங்கள். காயத்திலிருந்து திரும்புபவருக்கும் இதே சோதனைதான். 60, 70 பந்தில் நிறுத்தப்படுபவர் ஐந்தாவது இன்னிங்ஸைத் தாண்டுவது கஷ்டம்.

மேனேஜரின் பழக்கமும் சேர்ந்து வரும். 2020 வேர்ல்ட் சீரீஸ் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர்) ஆறாவது ஆட்டத்தில் டாம்பா பே ரேஸ் பிட்சர் பிளேக் ஸ்னெல் 9 ஸ்ட்ரைக் அவுட்டுடன் பிரமாதமாக வீசிக்கொண்டிருந்தார். 73 பந்துகளிலேயே, ஆறாவது இன்னிங்ஸில் ஒரு அவுட்டோடு அவரைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஒரே பேட்டிங் வரிசையை மூன்றாம் முறை சந்திக்கவிடாத அணிகளின் பிட்சருக்கு முழு விலை கொடுக்கலாமா என்று இரண்டு முறை யோசியுங்கள். ஃபேன்டூயலில் ஒரே ஒரு பிட்சர்தான், அதிலும் 6 இன்னிங்ஸ் முடித்து 3 ஏர்ன்ட் ரன்னுக்கு மேல் கொடுக்காத குவாலிட்டி ஸ்டார்ட்டுக்குத் தனிப் புள்ளி உண்டு. அங்கே இது இன்னும் வலிக்கும்.

மைதானத்தைப் பற்றி அந்தச் சேவை ஒரு வார்த்தை சொன்னதில்லை. டென்வரின் கூர்ஸ் ஃபீல்டில் ஆடப்போகிறவரைக்கூட ஈஆர்ஏவைக் காட்டி விற்றார்கள். சுமார் 5,200 அடி உயரம், காற்று அடர்த்தி குறைவு. கர்வ் பந்து சரியாக வளையாது, அவுட்ஃபீல்டும் பெரியது. பந்து அதிக தூரம் பறக்காமல் இருக்க 2002 முதல் பந்துகளை ஈரப்பதப் பெட்டியில் வைத்தும் அது ரன் மழை மைதானம்தான். பெட்டிங் தளங்களில் மொத்த ரன் கணிப்பையும் பாருங்கள். மொத்தம் 8, நம் பிட்சரின் அணி தெளிவான ஃபேவரிட் என்றால் எதிரணியின் பங்கு 3.5ஐ ஒட்டி வரும், போடலாம். 4.5ஐத் தாண்டினால் எவ்வளவு பெரிய பெயர் என்றாலும் வேண்டாம்.

காலைச் செய்திக்குப் பிறகு அவர்கள் எதையும் திருத்துவதில்லை. பிட்சர் கடைசி நேரத்தில் விலகினாலும், மழை வந்தாலும் மௌனம்தான். ஒரு மணி நேரம் மழையில் நின்றால் ஸ்டார்ட்டர் பெரும்பாலும் திரும்ப வரமாட்டார். அதுவரை வீசியது மட்டும்தான் கணக்கு. எதிரணியின் பேட்டிங் வரிசை வெளியான பிறகு ஒரு முறை, ஆட்டத்துக்கு முன் வானிலை ஒரு முறை நீங்களே பார்த்துவிடுங்கள். டிராஃப்ட்கிங்ஸில் ஆட்டம் தொடங்காத பிட்சரை அதன் பிறகும் மாற்றலாம்.

இனி அந்த 'வெற்றி' படங்கள். பெரிய போட்டிகளில் ஒருவர் 150 லைன்அப் (தேர்ந்த வீரர் பட்டியல்) வரை போடலாம். அதில் ஒன்று ஜெயித்தால் அதை மட்டும் படமெடுத்துப் போடுவார்கள், மீதி 149 பற்றிப் பேச்சே இருக்காது. குழு உறுப்பினர்கள் செய்திகளை ஒப்பிட்டபோது, ஒரே நாளில் பாதிப் பேருக்கு ஒரு பிட்சரும் மீதிப் பேருக்கு வேறொருவரும் 'ஒரே உறுதி' என்று போயிருந்தது தெரிந்தது. தவறிய கணிப்புகளைக் குழுவிலிருந்து அழித்துவிடுகிறார்கள். பணம் கட்டுமுன், ஆட்டம் தொடங்குவதற்கு முன் பதிவான ஒரு மாத முழுப் பட்டியலை நேரத்தோடு கேளுங்கள். மழுப்பினால் விலகிவிடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களுக்கு, "அதிர்ஷ்டம் ஏறும் இறங்கும்" என்ற ஒரே பதில். சந்தாவும் தானாகவே புதுப்பிக்கப்பட்டு அடுத்த மாதமும் கார்டில் பிடிக்கிறார்கள். குழுவிலிருந்து வெளியேறினால் மட்டும் சந்தா நிற்காது. பணம் கட்டிய தளத்திலேயே போய் ரத்து செய்து, உறுதிப்படுத்தும் மின்னஞ்சலை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் பிடித்தால், அந்த மின்னஞ்சலோடு கார்டு வங்கியில் புகார் கொடுங்கள்.