தபாலில் வரும் தமிழ் எல்.பி.: விற்பவர் சொல்லும் தரமும் பெட்டிக்குள் வருவதும்

தமிழ்த் திரையிசை எல்.பி.கள், அதாவது வினைல் இசைத்தட்டுகள், வாங்க இப்போது மூன்று வழிகள் இருக்கின்றன. இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் படம் போட்டு விற்கும் உள்ளூர் வியாபாரிகள் முதல் வகை. டிஸ்காக்ஸ் என்ற இசைத்தட்டு விற்பனைத் தளத்தில் வெளிநாட்டிலிருந்து அனுப்புகிறவர்கள் இரண்டாவது. புதிதாக அச்சடித்த மறுபதிப்புகளை விற்கும் இணையக் கடைகள் மூன்றாவது. எச்.எம்.வி., இன்ரிகோ, எக்கோ நிறுவனங்களின் பழைய தட்டுகள் வேண்டுமென்றால் முதல் வகையைத் தவிர்க்க முடியாது. சரக்கு அங்கேதான் இருக்கிறது, ஏமாற்றமும் அங்கேதான் அதிகம். தட்டின் முன்கதையைக் கேட்டு வாங்கி, பேக்கிங்குக்குத் தனியாகக் காசும் கொடுத்தால், உள்ளூர் வியாபாரியிடம் வாங்குவதே லாபம். இரண்டும் இல்லாமல் வாங்குவது சீட்டாட்டம்தான்.

முதலில் தரக் குறியீடு. உலகம் முழுக்கப் பெரும்பாலானோர் பின்பற்றுவது கோல்ட்மைன் அளவுகோல். மின்ட் (புத்தம் புதிது), நியர் மின்ட், வி.ஜி. (வெரி குட்) பிளஸ், வி.ஜி., ஜி. (குட்) பிளஸ், ஜி. என்று இறங்கி, அடியில் ஃபேர், புவர். தட்டுக்கு ஒரு மதிப்பு, கவருக்குத் தனியாக ஒரு மதிப்பு. நம்மூர்ப் பதிவுகளில் பல சமயம் ஒரே மதிப்புத்தான் இருக்கும், அது எதற்கானது என்றே தெரியாது. 'சூப்பர் கண்டிஷன்', 'பாடும் நிலையில் உள்ளது' என்பதெல்லாம் தரம் ஆகாது. வி.ஜி. பிளஸ் தட்டில் லேசான கீறல் தெரியலாம், பாட்டைக் கெடுக்கக் கூடாது. வி.ஜி. தட்டில் பாட்டு மெலிந்து போகும் இடங்களிலும் தொடக்க இசையிலும் சடசடப்பு கேட்கும். நாற்பது வருடத் தமிழ்த் தட்டை 'மின்ட்' என்று ஒருவர் விற்றால், அவரிடம் மற்ற விவரங்களை இரண்டு மடங்கு கேளுங்கள்.

இந்தக் குறியீடுகள் பெரும்பாலும் கண்ணால் பார்த்துப் போடப்படுபவை. தமிழ்த் தட்டுகளில் பெரிய கோளாறு கண்ணுக்குத் தெரியாதது, அதாவது குரூவ் எனப்படும், ஊசி ஓடும் பள்ளத்தின் தேய்மானம். அந்தக் காலப் பெட்டி பிளேயர்களில், எச்.எம்.வி. ஃபியஸ்டா போன்றவற்றில், செராமிக் பிக்கப் (ஊசியின் அசைவை மின்சாரமாக மாற்றும் பாகம்) இருந்தது. ஊசி அழுத்தம் இன்று நாம் வைக்கும் 2 கிராமைப்போல இரண்டு மூன்று மடங்கு. தேய்ந்த ஊசியை மாற்றாமல் அதே அழுத்தத்தில் ஓட்டினால் குரூவின் சுவர்கள் அரைபட்டுப் போகும். அப்படிப்பட்ட தட்டு பளபளவென்றே இருக்கும், ஒரு கீறலும் இருக்காது. ஊசியை வைத்தால் 'ச', 'ஸ' வரும் இடமெல்லாம் குரல் கிழியும். ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டில் இது இன்னும் மோசம், ஏனென்றால் லேபிளை நெருங்க நெருங்க அதே ஒலி குறைந்த நீளத்துக்குள் நெருக்கி எழுதப்பட்டிருக்கிறது. எவ்வளவு கழுவினாலும் இது போகாது.

இதைப் படத்திலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். கவரிலோ லேபிளிலோ 'சவுண்ட் சர்வீஸ்', 'ரேடியோ எலக்ட்ரிக்கல்ஸ்' என்று ரப்பர் ஸ்டாம்பு இருக்கிறதா? லேபிளில் பெயின்ட்டாலோ பேனாவாலோ பெரிய எண் எழுதியிருக்கிறதா? அது மைக் செட்காரர் தட்டு. கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்று திறந்தவெளித் தூசியில், ஒலிபெருக்கிக்காக ஒரே பாட்டை நாள்முழுக்கப் போட்ட தட்டு. அந்த ஸ்டாம்பு அழகாக இருக்கிறது என்று ஆசைப்பட்டுச் சேகரிப்பவர்கள் உண்டு. அலமாரியில் வைத்துப் பார்க்க வாங்கலாம், கேட்பதற்கு வேண்டாம். இரண்டாவது அடையாளம் நடுத்துளையைச் சுற்றியிருப்பது. பிளேயரின் நடுக்கம்பியான ஸ்பிண்டிலைத் தேடித் தேடித் தட்டை வைக்கும்போது லேபிள் காகிதத்தில் மெல்லிய கோடுகள் விழும். எத்தனை முறை ஓடியிருக்கிறது என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி கிடையாது. கோடுகள் சிலந்திவலை மாதிரி நிறைந்திருந்தால், விற்பவர் 'ஒரு தடவைதான் போட்டோம்' என்று சொல்வதை மரியாதையோடு கேட்டுக்கொண்டு விலகிவிடுங்கள்.

ஆகவே பணம் அனுப்பும் முன் கேட்க வேண்டிய படங்கள் இவை. இரண்டு பக்கமும் லேபிள் நெருக்கத்தில். இரண்டு பக்கமும் தட்டு முழுசாக, ட்யூப்லைட் வெளிச்சத்தில் அல்ல, ஒற்றை பல்போ டார்ச்சோ சாய்வாக விழும்படி. ட்யூப்லைட்டில் எல்லாத் தட்டும் நியர் மின்ட்தான். கவரின் நான்கு ஓரங்கள், முதுகு. கூடவே கடைசிப் பாட்டின் அரை நிமிட வீடியோ, போன் மைக்கில் பதிந்தாலும் குரல் கிழிவது தெரிந்துவிடும். லேபிள் படத்துக்கு இன்னொரு பயனும் உண்டு: கவர் ஒரு படம், உள்ளே வேறு படத்தின் தட்டு என்பது மொத்தமாக வாங்கி விற்கும் சரக்கில் சாதாரணம். கவர் அசலா, கலர் ஜெராக்ஸா என்பதையும் நேரடியாகவே கேட்டுவிடுங்கள். ஜெராக்ஸ் கவரில் சின்ன எழுத்துகளின் விளிம்பு மங்கியிருக்கும், பழைய மடிப்புகளும் கறைகளும் தடவினால் தட்டுப்படாமல் படமாக மட்டும் இருக்கும். லேபிளில் நிமிடத்துக்கான சுழற்சி 33⅓ என்று இருக்கிறதா 45 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். நம்மூரில் 12 அங்குலத் தட்டுகளிலும் 45 சுழற்சிக்காரர்கள் உண்டு. தட்டு கெட்டுப்போயிருக்கிறது, குரல் இழுக்கிறது என்று வரும் புகார்களில் சில இதனால் வருபவைதான்.

பூஞ்சை பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். தேவைக்கு மேல் பயப்பட வேண்டாம். கடலோர ஊர்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வரும் தட்டுகளில் வெள்ளைப் புள்ளிகள் இருப்பது சகஜம், கழுவினால் பெரும்பாலும் போய்விடும். கவரை ராமபாணப் பூச்சி மேய்ந்திருந்தால் விலையில் குறையுங்கள், தட்டுக்கு அதனால் கேடில்லை. ஆனால் பழைய பி.வி.சி. பிளாஸ்டிக் உறையில் வருடக்கணக்கில் ஒட்டிக்கிடந்த தட்டில் படரும் பால்போன்ற மங்கல் வேறு சங்கதி. பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் ரசாயனம் தட்டில் ஏறியது அது. கழுவினால் போகாது, இரைச்சலாகவே நிற்கும்.

இனி பேக்கிங். அனுப்புவதில் கெடும் தட்டுகளில் பெரும்பாலானவை இங்கேதான் கெடுகின்றன, காரணமும் எளிய கணக்குத்தான். ஒரு எல்.பி. சுமார் 130 கிராம், கவரும் உள்ளுறையும் சேர்த்து 90 கிராம், இரண்டு அட்டைத் தாங்கிகள் 90 கிராம், ஒழுங்கான பெட்டி 200 கிராமுக்கு மேல். மொத்தம் அரைக் கிலோவைத் தொட்டுத் தாண்டும். ஸ்பீட் போஸ்டில் 500 கிராம் ஒரு படி. அதைத் தாண்டாமல் இருக்க விற்பவர் முதலில் எடுத்துப்போடுவது ஓர் அட்டையை. அதனால்தான் ஒற்றைத் தட்டுப் பார்சல்கள் அதிகம் அடிபட்டு வருகின்றன, இரண்டு மூன்று தட்டாக வாங்கினால் நன்றாக வருகின்றன. கூரியர்காரர்கள் பலர் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்துக் கன எடை போடுவார்கள். 35×35×5 பெட்டிக்கு ஒரு கிலோ 225 கிராம் என்று பில் வரும். ஒரு தட்டு மட்டும் வாங்கும்போது, 'அடுத்த படி எடைக்கான காசை நான் தருகிறேன், அட்டையைக் குறைக்காதீர்கள்' என்று எழுதிவிடுவது நல்லது. கூடுதல் செலவு சில பத்து ரூபாய்.

சரியான பேக்கிங் இப்படி இருக்க வேண்டும். தட்டை உள்ளுறையோடு கவரிலிருந்து வெளியே எடுத்து, கவருக்குப் பின்னால் வைத்து, இரண்டையும் ஒரே பாலித்தீன் உறைக்குள் போட வேண்டும். கவருக்குள்ளேயே விட்டால், பெட்டி ஓரமாக விழும்போது தட்டின் விளிம்பு கத்திபோல இறங்கிக் கவரின் மேலோரத்தையோ அடியோரத்தையோ கிழித்துவிடும். தட்டு பிழைத்துவிடும், கவர் போகும். பிறகு இரண்டு பக்கமும் கவரைவிட ஒரு சென்டிமீட்டர் பெரிய நெளி அட்டை. ஒன்றின் நெளிவரி நெடுக்காக இருந்தால் மற்றதன் வரி குறுக்காக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே திசையில் இருந்தால் அந்த வரியிலேயே மொத்தமும் மடங்கும். இந்தத் தொகுப்பு பெட்டிக்குள் ஆடக் கூடாது, அதே சமயம் நான்கு மூலையிலும் விரல் அகலம் இடைவெளி இருக்க வேண்டும், அடி வாங்குவது அந்த வெற்றிடமாக இருக்கட்டும். பீட்சா டப்பாவில் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அளவு கச்சிதமாக இருக்கிறதே என்று நினைக்கிறார்கள் போல. அந்த அட்டை ஒரு மூட்டையின் எடையைக்கூடத் தாங்காது. தெர்மாகோல் தாள் லேசானது, ஆனால் மடக்கினால் பட்டென்று முறியும். பபுள் ஷீட்டைக் கவருக்கு மேல், அட்டைக்கு வெளியே சுற்றலாம். தட்டின்மேல் நேராகச் சுற்றினால் வெயிலில் குமிழ் அச்சு விழுந்துவிடும்.

வெயில் என்றதும் இன்னொன்று. வினைல் 60 டிகிரிக்குமேல் இளகத் தொடங்குகிறது. சித்திரை, வைகாசியில் மூடிய டெலிவரி வேனின் உள்ளே அந்தச் சூடு ஏறுவது அதிசயமில்லை. அக்னி நட்சத்திரத்தில் விலையுயர்ந்த தட்டை வரவழைக்காதீர்கள். விற்பவரிடம் காசைக் கொடுத்துவிட்டு ஜூன் கடைசிவரை வைத்திருக்கச் சொன்னால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். சூடாக வந்த பெட்டியை உடனே பிரித்து ஊசியை வைக்க வேண்டாம், இரண்டு மணி நேரம் சமதரையில் படுக்க வைத்துவிட்டுப் பிரியுங்கள்.

பிரிக்கும்போது பெட்டியின் ஆறு பக்கமும் தெரிய, வெட்டில்லாத வீடியோ எடுங்கள். அது இல்லையென்றால் இங்கே பல வியாபாரிகள் புகாரையே கேட்பதில்லை. கட்டரை நடுவில் குத்தாமல் ஓரத்து டேப்பில் மட்டும் ஓட்டுங்கள். பயணத்தைத் தப்பி வந்த கவரை வாங்கியவரே கிழிப்பது நடக்கிறது. தட்டை எடுத்ததும் சாய்வெளிச்சத்தில் பாருங்கள். நகத்தை மெதுவாக ஓட்டினால் தட்டுப்படும் கீறல் நிச்சயம் கேட்கும், தட்டுப்படாதது பெரும்பாலும் கேட்காது. குறுக்கே ஓடும் கீறல் சுற்றுக்கு ஒரு 'டிக்' கொடுக்கும். 33⅓ தட்டில் அது 1.8 வினாடிக்கு ஒருமுறை வரும். அந்தத் தாளம் நின்றுவிட்டால் கீறல் முடிந்தது, பாட்டு தப்பியது. குரூவோடு சேர்ந்து ஓடும் கீறல்தான் ஆபத்து, ஊசி அதில் மாட்டிக்கொண்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடும். வளைவைப் பார்க்க, சுழலும் தட்டைக் கண்மட்டத்துக்குக் குனிந்து பக்கவாட்டில் பாருங்கள். தட்டு முழுக்கக் கிண்ணம்போல மெதுவாகக் குழிந்திருந்தால் பெரும்பாலான டோன்ஆர்ம்கள் (ஊசியைத் தாங்கும் கைகள்) சமாளிக்கும். விளிம்பில் ஓரிடத்தில் சட்டென்று எழும் வளைவு சிறியதாக இருந்தாலும் ஊசியைத் தூக்கி எறியும். முதல் பாட்டை அதற்காகவும், கடைசிப் பாட்டைத் தேய்மானத்துக்காகவும் முழுசாகக் கேட்டுவிட்டு, குறை இருந்தால் அன்றைக்கே விற்பவருக்கு எழுதுங்கள். வீணையோ புல்லாங்குழலோ நீளமாக இழுக்கும் சுரம் அலைவதுபோலத் தோன்றினால் அது துளை மையம் தவறி அச்சான தட்டு. ஆலையிலேயே நேர்ந்தது, தபாலைக் குறைசொல்ல முடியாது.

கழுவுவதற்குக் காய்ச்சி வடித்த நீர், ஐந்தில் ஒரு பங்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், ஒரு சொட்டு வாசனையில்லாத சோப்பு போதும். பின் வெறும் வடிநீரில் ஒருமுறை. லேபிளில் ஈரம் படக் கூடாது. வளைந்த தட்டை இரண்டு கண்ணாடிக்கு நடுவே வைத்து வெயிலில் காயவைக்கும் வித்தையை யூடியூபில் காட்டுவார்கள். வளைவு போகும், கூடவே மேல்ஸ்தாயியும் போகும்.

வெளிநாட்டு விற்பனையாளர்கள் பொதுவாகப் பேக்கிங்கில் நம்மவர்களைவிட மேல், தரத்தையும் தட்டு, கவர் என்று பிரித்தே சொல்கிறார்கள். சிங்கப்பூர், மலேசிய வீடுகளிலிருந்து வரும் தமிழ்த் தட்டுகள் மைக் செட் பக்கமே போகாதவையாக இருப்பதுண்டு. ஆனால் சுங்கவரி பொருளின் விலைக்கு மட்டுமல்ல, தபால்செலவையும் சேர்த்த தொகைக்குப் போடப்படும். ஒற்றைத் தட்டுக்கு இந்தக் கணக்கு கட்டுப்படியாகாது. புது மறுபதிப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: ஷ்ரிங்க் உறை இறுகியிருந்தால் வந்த உடனே பிரித்துவிடுங்கள், சூட்டில் அது சுருங்கித் தட்டை வளைக்கும். பிரித்தால் மாற்றித் தர மாட்டோம் என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள், பிரிக்காமல் வளைவு தெரியாது.

78 சுழற்சித் தட்டுகளைத் தபாலில் வாங்க வேண்டாம். அவை அரக்குக் கலவையால் ஆனவை, இடுப்புயரத்திலிருந்து ஓரமாக விழுந்தாலே இரண்டாகும். வாங்கியே தீர வேண்டுமென்றால், ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு பக்கமும் தனி அட்டை, அதைச் சுற்றிப் பபுள் ஷீட், பெட்டிக்குள் பெட்டி, நடுவில் எல்லாப் பக்கமும் நான்கு விரல் அகலத்துக்குக் கசக்கிய செய்தித்தாள் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் அவற்றின்மேல் ஆல்கஹால் கலந்த எதையும் தடவாதீர்கள், அரக்கு கரைந்துவிடும்.