தில்லைநகரில் நான்காவது கால்வாய்

போன ஜூலையில் நியூ ஜெர்சியிலிருந்து திருச்சி போய் இறங்கிய மூன்றாம் நாள், அத்தை சுட்ட முறுக்கைக் கடித்ததும் இடது மேல் கடைவாய்ப் பல் விண்ணென்று தெறித்தது. ஆறு வருடத்துக்கு முன் இங்கே நியூ ஜெர்சியில் ரூட் கேனல் செய்து, அதாவது வேருக்குள் ஓடும் நரம்பை எடுத்து அடைத்து, கேப் போட்ட பல். நரம்பையே எடுத்த பிறகு வலி எங்கிருந்து வரும்? கண்ணாடியில் பார்த்தால் ஈறில் கடுகளவு சீழ்க் கொப்புளம்.

மாமா தெருமுனை மெடிக்கலில் அமாக்சிசிலின், மெட்ரோனிடசோல் என்று இரண்டு ஆன்டிபயாடிக் மாத்திரைகள் வாங்கி வந்துவிட்டார். சீட்டு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. வீக்கம் வடிந்தது, நான்காம் நாள் திரும்பவும் வந்தது.

அப்புறம்தான் தில்லைநகரில் ஒரு பல் கிளினிக். மாலை ஆறரைக்கு வரச் சொன்னார்கள்; உள்ளே கூப்பிட்டபோது மணி எட்டே கால். முன்பதிவு என்ற சொல்லுக்கு அங்கே என்ன பொருளோ! ஆனாலும் போன் செய்த அன்றே பார்த்துவிட்டார்கள். இங்கே ஸ்பெஷலிஸ்ட்டிடம் எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் நாள் கிடைத்திருந்தது.

மாத்திரைக் கதையைக் கேட்டதும் அந்த டாக்டரம்மா சிரித்துவிட்டார். "மாத்திரை ரத்தம் வழியாத்தானே சார் போகணும்? அந்தப் பல்லுக்குள்ள ரத்த ஓட்டமே இல்லையே."

எக்ஸ்ரேயில் வேர் நுனியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வட்டம். அங்கே எலும்பு கரைந்திருக்கிறதாம். மேல் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று வேர்தான், ஆனால் கன்னப் பக்கத்து முன்வேரில் பலருக்கு இரண்டாவதாக ஒரு கால்வாய், அதாவது நரம்பு ஓடும் குழாய், ஒளிந்திருக்கும். எனக்கு மூன்றை அடைத்துவிட்டு நான்காவதைத் தொடவே இல்லை. பாக்டீரியா அதற்குள் குடித்தனம் நடத்தியிருக்கிறது. தோற்றுப்போன ரூட் கேனல்களில் அடிக்கடி அகப்படும் எண்டரோகாக்கஸ் ஃபீக்காலிஸ் என்ற பாக்டீரியா, தீனியே இல்லாமல் மாதக்கணக்கில் கிடக்கக்கூடியது. தண்ணீர்த் தொட்டிச் சுவரில் வழவழவென்று படியுமே, அதுபோல ஒரு படலமாகச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மருந்து மேலோடு வழிந்து போய்விடும்.

ஈறையும் விடவில்லை. மெல்லிய கம்பியால் பல்லோரம் அளந்தார். மூன்று மில்லிமீட்டர் வரை சரி, எனக்குக் கீழே ஒரு பல்லில் ஆறு. அந்தப் பள்ளத்தில் காற்றில்லாமல் வாழும் வேறு பாக்டீரியாக் கூட்டம் இருக்கிறதாம், அதில் பேர்போனது பார்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ். அதன் வழி வெளியிலிருந்து. வேர் நோய் உள்ளிருந்து. இரண்டிலும் கடைசியில் கரைவது எலும்புதான். ஈறுக்கடியில் கெட்டிப்பட்டிருந்த பற்காரையைச் சுரண்டி எடுத்தபோது பல்லைக் கடித்துக்கொள்ளக்கூட வழியில்லை.

மறுநாள் பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் மாட்டி, பழைய அடைப்பை எடுத்து, ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினியை ஊசியால் பீய்ச்சிப் பீய்ச்சிக் கழுவினார். அறை முழுக்கக் கார்ப்பரேஷன் தண்ணீரின் பிளீச்சிங் பவுடர் வாடை. ஒன்றரை மணி நேரத்தில் பெரும்பகுதி இந்தக் கழுவலுக்கே போனது. அப்புறம் கால்சியம் ஹைட்ராக்சைடை உள்ளே வைத்துப் பத்து நாள் மூடி வைத்தார். அது சுண்ணாம்புதான் என்று அத்தையிடம் சொன்னேன். "அதைத்தானேடா நான் அம்பது வருஷமா வெத்தலையில தடவுறேன்" என்றார்.

பத்து நாளில் கொப்புளம் போய்விட்டது. பல்லை அடைத்துப் புது கேப் போட்டு, எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய். ரசீது கேட்டு வாங்க வேண்டியிருந்தது. எக்ஸ்ரேயை மட்டும் கேட்காமலே வாட்ஸ்அப்பில் அனுப்பினார். எலும்பு வளர மாதங்கள் ஆகும். ஜனவரியில் இங்கே ஒரு படம் எடுத்து அவருக்கு அனுப்ப வேண்டும், அந்தக் கறுப்பு வட்டம் சுருங்கியிருக்கிறதா என்று பார்க்க.